மரப் பெஞ்சில் ஒரு ஜாஸ் கச்சேரி

"மூன்று நாள், மூன்று கச்சேரி. அதற்கு மேல் ஒன்று கூடக் கிடையாது. நீதான் பொறுப்பு!" என்று அக்கா என்னிடம் கண்டிப்பாகச் சொன்னபோது, எங்கள் கார் ஹூஸ்டன் நகர எல்லையைத் தாண்டிவிட்டது. காரை ஓட்டியவளும் அவளேதான். பின்னால் உட்கார்ந்திருந்த அத்தான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, காது கேளாதவர் போல் இருந்தார்.

'போல்' என்று எழுதிவிட்டேனே தவிர, அதில் பாதிக்கு மேல் நிஜம். அத்தானுக்கு வலது காது முற்றும் போய்விட்டது. இடது காதும் வருஷத்துக்கு வருஷம் மங்கி வருகிறது. "இருப்பதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். சத்தமான இடங்களில் அதிக நேரம் இருக்க வேண்டாம்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டு வீட்டுக்கு வந்த அத்தான் செய்த முதல் காரியம், ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம் வாங்கி, "கேட்க வேண்டிய கச்சேரிகள்" என்று தலைப்பு எழுதியதுதான். அக்காவுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

இந்த ஜாஸ் பைத்தியம் அவருக்குத் தகப்பனார் வழிச் சொத்து. 1958-ஆம் வருஷம் டேவ் புருபெக் என்ற அமெரிக்கப் பியானோ வித்வான் தம் கோஷ்டியுடன் இந்தியாவைச் சுற்றி வந்தார். சென்னைக்கும் வந்தார். அதைக் கேட்டுவிட்டு வந்த பெரியவர், மார்கழிக் கச்சேரிகளோடு ஜாஸ் இசைத்தட்டுகளையும் சேர்த்துக்கொண்டார். பிள்ளை அவற்றைக் கேட்டே வளர்ந்தார். ஹூஸ்டனுக்கு வேலைக்கு வந்து முப்பது வருஷம் ஆகியும், ஐந்தரை மணி நேரப் பிரயாணத்தில் இருக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கு அவர் ஒரு முறை கூடப் போனதில்லை. "எங்கே ஓடிவிடப் போகிறது?" என்று இருந்துவிட்டாராம். ஊர் ஓடவில்லை, காதுதான் ஓடப் பார்த்தது.

சென்ற நவம்பரில் அக்கா வீட்டுக்கு நான் போனபோது, என்னைச் சாக்காக வைத்து அத்தான் பிரயாணத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டார்.

ஹூஸ்டனிலிருந்து கிழக்கே சுமார் 560 கிலோ மீட்டர். லூயிஸியானா மாநிலத்துக்குள் நுழைந்த பிறகு சாலை தரையை விட்டுவிட்டுச் சதுப்பு நீரின் மேல் தூண்களில் நடக்கிறது. அட்சாஃபலாயாப் பாலம் என்று பெயர். 29 கிலோ மீட்டர் நீளம். இரு பக்கமும் தண்ணீருக்குள் நிற்கும் சைப்ரஸ் மரங்கள். கிளைகளில் நரைத்த தாடி போல் தொங்கும் பாசி. அதைத் தாண்டிப் போனால் மிஸிஸிப்பி நதி வளைந்து ஓடும் இடத்தில் நியூ ஆர்லியன்ஸ்.

ஊருக்குள் நுழைந்ததும் அக்காவின் கோபத்தைக் கொஞ்சம் தணித்தது ஒரு காப்பி. நதிக்கரை ஓரமாக 1862 முதல் நடந்து வரும் 'கஃபே டு மாண்ட்' என்ற கடை. அங்கே காப்பியில் சிக்கரி சேர்க்கிறார்கள், பாலும் பாதிக்குப் பாதி! உள்நாட்டுப் போரின்போது காப்பிக் கொட்டைக்குத் தட்டுப்பாடு வந்தது. அப்போது வேரூன்றிய சிக்கரிப் பழக்கத்தை இந்த ஊர் விடவே இல்லை. ஒரு வாய் குடித்த அக்கா, "அட, நம்ம வீட்டுக் காப்பி மாதிரி இருக்கே!" என்றாள். கூடவே வரும் 'பென்யே' என்ற பலகாரம், மேலே சர்க்கரைப் பொடியைக் குன்றாகக் கொட்டிய சதுர போண்டா. அதைத் தின்னும்போது மூச்சை வெளியே விடக் கூடாது. விட்டால், எதிரில் இருப்பவர் சட்டை வெள்ளை அடித்த சுவர் ஆகிவிடும். என் சட்டை ஆயிற்று.

முதல் கச்சேரி 'பிரிஸர்வேஷன் ஹால்' என்ற இடத்தில். பிரெஞ்சு குவார்ட்டர் என்னும் பழைய பகுதியில், ஸெயின்ட் பீட்டர் தெருவில் இருக்கிறது. ஹால் என்றதும் மியூசிக் அகாடமி போல் எண்ணிக்கொண்டு போனால் ஏமாந்துபோவீர்கள். வர்ணம் உதிர்ந்த சுவர்கள். சில மரப் பெஞ்சுகள். முன்னால் தரையில் உட்காரச் சில மெத்தைகள். இடம் கிடைக்காதவர்கள் பின்னால் நிற்கலாம். மொத்தம் நூறு பேர் நுழைந்தால் மூச்சு முட்டும். மது கிடையாது, சிற்றுண்டி கிடையாது, போட்டோ எடுக்க அனுமதி கிடையாது. ஒரு கச்சேரி ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஓர் இரவில் பல கச்சேரிகள் உண்டு என்றாலும், முன்கூட்டியே டிக்கெட் வாங்கிவிடுவது உத்தமம்.

இந்த இடம் முதலில் ஒரு சித்திரக் கடை. கடைக்காரருக்குச் சங்கீதத்தில் மோகம். ஆனால் கடையை விட்டுவிட்டுக் கச்சேரிக்குப் போக முடியவில்லை. ஆகவே வித்வான்களைக் கடைக்கே வந்து வாசிக்கச் சொன்னார். 1961-இல் ஆலன் ஜாஃபி, ஸாண்ட்ரா ஜாஃபி என்ற இளம் தம்பதிகள் அதை ஏற்று நடத்தத் தொடங்கினார்கள். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் வாசிப்பதையும், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கேட்பதையும் சட்டமும் வழக்கமும் தடுத்த காலம் அது. இந்தச் சிறிய அறை அந்தத் தடையைப் பொருட்படுத்தவில்லை. புதிய பாட்டுக்களின் மோகத்தில் மறக்கப்பட்டிருந்த வயதான கறுப்பு வித்வான்களுக்கு இங்கே மறுபடியும் மேடை கிடைத்தது.

"முன் மெத்தையில் உட்காரக் கூடாது. கடைசிப் பெஞ்சுதான்" என்றாள் அக்கா. அத்தான் மறுபேச்சுப் பேசாமல் கடைசிப் பெஞ்சில் அமர்ந்தார். பிறகு இடது காதில் இருந்த கருவியை மெதுவாகக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"என்னங்க இது?"

"இது பேச்சுக்குச் செய்த கருவிம்மா. பாட்டைக் கேட்டால் தகர டப்பாவில் போட்ட மாதிரி இருக்கும். எனக்கு எவ்வளவு கேட்கிறதோ, அவ்வளவு போதும்."

கச்சேரி ஆரம்பம் ஆயிற்று. ட்ரம்பெட், கிளாரினெட், டிராம்போன் ஆகிய மூன்றும் முன் வரிசை. பியானோ, பாஸ், டிரம்ஸ் பக்கவாத்தியம். ஒலிபெருக்கியின் கரகரப்பு இல்லை. வாத்தியத்தின் சொந்தக் குரல்தான். ஏ.கே.சி. நடராஜனின் கிளாரினெட்டைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தக் கிளாரினெட்டின் குழைவும் அந்நியமாகத் தோன்றாது.

ஜாஸ் என்றால் ஆளுக்கு ஒரு பக்கம் சத்தம் போடுவது என்று நான் நினைத்திருந்தேன். கேட்டுப் பார்த்த பிறகு ஒழுங்கு புரிந்தது. முதலில் எல்லாரும் சேர்ந்து பாட்டின் மெட்டை வாசிக்கிறார்கள். அது நம் பல்லவி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொருவராக அந்த மெட்டின் அடியில் ஓடும் சுர அடுக்கையும் தாளக் கணக்கையும் விடாமல், அப்போதைக்கப்போது தோன்றியதை வாசிக்கிறார்கள். அது கற்பனை ஸ்வரம். ஒருவர் முடித்ததும், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே சபை கைதட்டுகிறது. டிரம்ஸ்காரர் மற்றவர்களோடு நாலு நாலு அளவாக மாற்றி மாற்றி வாசிக்கும்போது, தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கஞ்சிராவும் குறைப்பு வாசிக்கும் நினைவு வந்தது. கடைசியில் எல்லாரும் மறுபடியும் பல்லவிக்கு வந்து சேர்கிறார்கள். அந்த இடத்தில் எனக்கே தெரியாமல் "பலே!" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பாட்டி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

துக்கடாவுக்குச் சீட்டு அனுப்பும் வழக்கம் இங்கேயும் உண்டு. ஆனால் 'தி ஸெயின்ட்ஸ்' என்ற பிரபலமான பாட்டைக் கேட்டால் மட்டும் ரேட் அதிகம் என்று ஒரு பழைய பலகை சொல்லுகிறது. தினமும் அதையே வாசித்து வாசித்து அலுத்த வித்வான்களின் பரிகாரம் அது! நம் ஊர்ச் சபாக்களும் யோசிக்கலாம்.

அத்தானைத் திரும்பிப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கைகளையும் பெஞ்சுப் பலகையில் பதித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். நானும் அப்படியே கையை வைத்துப் பார்த்தேன். பாஸின் ஒவ்வோர் அடியும் தரை வழியாக ஏறி, பலகை வழியாக உள்ளங்கைக்கு வந்தது. காதுக்கு எட்டாத கீழ் ஸ்தாயியை அந்த மனிதர் கையால் கேட்டுக்கொண்டிருந்தார்!

வெளியே வரும்போது, அந்தக் காலத்து வித்வான்களின் கதைகளை அத்தான் ஒவ்வொன்றாகச் சொன்னார். "இங்கே ஸ்வீட் எம்மா பாரெட் என்று ஒரு அம்மாள் பியானோ வாசித்தாள். காலில் மணி கட்டிக்கொண்டு, தாளத்துக்கு ஏற்ப அதையும் குலுக்குவாளாம். 1967-இல் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. அப்புறமும் வலது கை ஒன்றாலேயே வாசித்தாள். 1983-இல் இறக்கிற வரைக்கும் விடவில்லை."

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "காலில் சலங்கையா கட்டியிருந்தாள்?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் பகலில் காங்கோ சதுக்கத்துக்குப் போனோம். இன்று லூயி ஆர்ம்ஸ்ட்ராங் பூங்காவின் ஒரு பகுதி அது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்கள் சந்ததியாரும் ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே கூடி மத்தளம் கொட்டி ஆடினார்கள். 1817-இல் நகரசபை அவர்கள் கூடுவதற்கு ஒரே இடம்தான் என்று விதித்தது. அந்த இடம் இதுதான். இந்தத் தாளத்தில், பின்னால் வந்த பித்தளை வாத்தியங்களும் கோயில் பாட்டுக்களும் கலந்து ஜாஸ் பிறந்தது. 1901-இல் ஏழைக் குடியில் பிறந்த ஆர்ம்ஸ்ட்ராங், பதினோரு வயதில் துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுட்டதற்காகச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அங்கே கையில் கொடுத்த கார்னெட்தான் அவரை உலகத்துக்குக் கொடுத்தது.

அன்று இரவு பிரெஞ்ச்மென் தெருவில் ஒரு சிறிய கிளப். பக்கத்துக்குப் பக்கம் கச்சேரி. வாசலில் நின்றே நாலு கோஷ்டிகளைக் கேட்கலாம். வித்வான்கள் பார்வையாளர்களிடையே வாளியைச் சுற்ற விடுகிறார்கள். அதில் போடும் பணம்தான் அவர்கள் ஜீவனம். கஞ்சத்தனம் செய்யக் கூடாது. அங்கே சத்தம் அதிகமாக இருந்ததால், அரை மணியில் அக்கா எங்களை எழுப்பிவிட்டாள். அத்தான் குழந்தை போல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மூன்றாவது கச்சேரிக்கு மேடையே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 'செகண்ட் லைன்' ஊர்வலம். பேரைக் கேட்டால் ரயில்வே சமாசாரம் போல் இருக்கிறது. முன்னால் பாண்டு கோஷ்டியும் சங்கத்தாரும் போவது முதல் வரிசை. பின்னால் குடையும் கைக்குட்டையும் வீசி ஆடிக்கொண்டு போகும் ஊர் ஜனங்கள் இரண்டாவது வரிசை. வைத்தியச் செலவுக்கும் சாவுச் செலவுக்கும் ஒருவருக்கொருவர் உதவக் கறுப்பர்கள் ஏற்படுத்திக்கொண்ட சங்கங்கள்தான் இவற்றை இன்றும் நடத்துகின்றன. இந்த ஊரில் வித்வான் இறந்தால் மயானம் வரை மெதுவான துதிப்பாட்டு. பிணத்துக்கு விடை கொடுத்த பிறகு ஆட்டப் பாட்டு. பறை முழங்கச் சவம் எடுக்கும் ஊரில் பிறந்த எனக்கு இது விசித்திரமாகத் தோன்றவில்லை.

2005 ஆகஸ்ட் 29-ந் தேதி கட்ரீனா புயல் அடித்தபோது கரைகள் உடைந்து, ஊரில் ஐந்தில் நாலு பங்கு நீரில் முழுகியது. வித்வான்கள் திசைக்கு ஒருவராகச் சிதறினார்கள். பிரிஸர்வேஷன் ஹாலும் மூடப்பட்டு 2006-இல்தான் திறந்தது. வீட்டை இழந்தவர்கள் திரும்பி வந்து இதே தெருக்களில் மறுபடியும் ஊதினார்கள். அந்தத் தெருவில்தான் நாங்கள் நடந்தோம்.

அத்தான், தோளில் மாலை போல் சுற்றிக்கொள்ளும் பெரிய ஸூஸபோனுக்குப் பத்தடி பின்னால் தாளத்துக்கு நடந்தார். அதன் முழக்கம் நெஞ்சுக் கூட்டில் வந்து இடிப்பதை நானும் உணர்ந்தேன். சற்று நேரத்தில் ஓர் ஆச்சரியம் கண்டேன். தன் கைக்குட்டையை எடுத்து, யாரும் பார்க்கவில்லை என்று எண்ணிக்கொண்டு, அக்கா இரண்டு முறை வீசினாள்!

திரும்பும்போது சதுப்புப் பாலத்தின் மேல் இருட்டிவிட்டது. நான் காரை ஓட்டினேன். அத்தான் பின்னால் அயர்ந்து தூங்கினார். அக்கா அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துச் சிறு விளக்கில் படித்தாள்.

"ஏப்ரலில் பிரெஞ்சு குவார்ட்டர் விழா, இலவசம். ஏப்ரல் கடைசியும் மே முதலும், 1970-இல் தொடங்கிய பெரிய ஜாஸ் விழா. ஆகஸ்டில் ஆர்ம்ஸ்ட்ராங் பிறந்த நாள் விழா... இது வேண்டாம், வெயிலும் புயலுமா இருக்கும். நியூயார்க், வில்லேஜ் வான்கார்டு, 1935 முதல் நடக்கிறது. பதினைந்து படி இறங்க வேண்டும். திங்கட்கிழமை பெரிய கோஷ்டி..." என்று வாய்விட்டுப் படித்தாள்.

"ஏன்டா, பதினைந்து படி இறங்கினால், ஏறவும் வேண்டுமே. உங்கள் அத்தான் முழங்காலுக்கு ஆகுமா?"

"காதுக்குத்தானே டாக்டர் சொன்னார், அக்கா!"

அவள் பேனாவைத் தேடி எடுத்தாள். ஆகஸ்டை அடித்தாள். ஏப்ரலுக்குப் பக்கத்தில் ஏதோ எழுதினாள். நான் எட்டிப் பார்த்தேன்.

"மூன்று டிக்கெட். கடைசிப் பெஞ்சு. ரூமுக்கு இப்போதே சொல்லிவைக்க வேண்டும்" என்று எழுதியிருந்தது.