மூன்றாம் படி

மலையை நிலைபேற்றுக்கு உவமையாகக் கூறுவது மனித வழக்கு. ஆனால், அம்மலைமீது படியும் வெண்பனிக்கு நிலைபேறு இல்லை. அல்ப்ஸ் மலைவெளிகளிற் பனிச்சறுக்குச் செல்வோர் இதனை மறந்தால் உயிரையே இழக்க நேரிடும்.

குளிர்காலத் தொடக்கத்தில் மெல்லிதாகப் படியும் பனி, நிலத்தின் வெம்மைக்கும் வளியின் கடுங்குளிருக்கும் இடையே அகப்படுகின்றது. கீழிருந்து எழும் நீராவி பனித்துகள்களைப் பருத்த பளிங்குகளாக மாற்றுகின்றது. சீனி மணிகளைப் போன்ற அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்வதில்லை. பின்னர் விழும் புதுப்பனி அந்த நலிந்த படையை மூடுகின்றது. காற்று அப்புதுப்பனியைப் பலகைபோல் இறுக்குகின்றது. மேலே பார்ப்பவனுக்கு மாசற்ற வெண்மையே தெரியும். ஏறத்தாழ 30 பாகைக்கு மேற்பட்ட சரிவில் ஒரு மனிதனின் பாரமே நலிந்த படையை உடைக்கப் போதும். உடைவு கணப்பொழுதிற் பரவ, பனிப்பலகை முழுவதும் பெயர்ந்து வீழ்கின்றது. மலைவெளிகளில் மாண்டோரிற் பெரும்பாலோரைப் புதைத்த பனிச்சரிவுகள், அவர்களோ அவர்தம் தோழரோ தூண்டியவையே.

இவ்வாபத்தை அறிய அறிவியல் அரும்பாடுபட்டுள்ளது. டாவோஸ் நகருக்கு மேலே, 2,600 மீற்றருக்கும் உயர்ந்த வைஸ்புளுயோக்கில், 1936 இல் ஆய்வாளர் பனிக்குடிசை அமைத்துப் பனியைப் படைபடையாக ஆராய்ந்தனர். 1993 இல் ஐரோப்பிய நாடுகள் ஆபத்தை ஐந்து படிகளாக வகுத்துப் பொது அளவுகோல் ஒன்றை ஏற்றுக்கொண்டன.

எனினும், மிகுதியான சாவுகள் நிகழ்வது ஐந்தாம் படியிலன்று, மூன்றாம் படியிலேயே. ஐந்தாம் படியில் வீதிகள் மூடப்படும். மலையேறத் துணிபவர் அரியர். மூன்றாம் படியிலோ வானம் தெளிந்திருக்கலாம். பனி மனத்தைக் கவரும். படிக்குப் படி ஆபத்துப் பன்மடங்காவதை மறந்து, மூன்று நடுவெண்தானே என மனம் ஆறுதலடைகின்றது. முன்சென்றோரின் தடங்களும் துணிவூட்டுகின்றன. ஆனால் அவை காப்புறுதியாகா. பத்துப்பேர் கடந்த சரிவிற் பதினோராமவன், பனி மெலிந்த ஓரிடத்தை மிதித்துவிடலாம். புதையுண்டவனைப் பத்து, பதினைந்து நிமிடங்களுக்குள் தோழர் தோண்டியெடுத்தாற் பெரும்பாலும் பிழைப்பான். அதன்பின் மூச்சுத்திணறல் அவனை முந்திவிடும்.

மலையிற் பட்டறிவும் எளிதில் ஏமாற்றிவிடுகின்றது. தவறாக முடிவெடுத்தவன் நூறுமுறை நலமாகக் கடந்துவிடுகின்றான். ஒவ்வொரு முறையும் தன் தீர்ப்புச் சரியென்றே கற்றுக்கொள்கின்றான். சரிவின் விளிம்பிலிருந்து திரும்பி வந்தவனுக்கோ, தான் செய்தது சரியென்பதற்குச் சான்று எதுவும் கிடைப்பதில்லை. சிலர் அவனைக் கோழையென்றும் கூறக்கூடும். அந்தச் சான்றில்லாமலே திரும்பிவரத் துணிபவனிடத்திலேதான் டாவோஸ் ஆய்வாளரின் உழைப்புப் பயன் பெறுகின்றது.