ஆறரைக் கட்டை

பேக்பைப் கற்கப் போனால் எடுத்த எடுப்பில் பையைத் தரமாட்டார்கள். மாதக்கணக்கில் ஒல்லியான ஒரு பயிற்சிக் குழல்தான். மேசையோரம் வரிசையாக உட்கார்ந்து, காலால் தாளம் தட்டியபடி ஒன்பதே ஸ்வரங்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருப்போம். அதற்குக் கீழேயும் போக முடியாது, மேலேயும் போக முடியாது. பைப் பேண்டு வாசிக்கும் அத்தனை மெட்டும் அந்த ஒன்பதுக்குள் அடங்கிவிடும் என்பதை நம்பவே எனக்குக் கொஞ்ச நாளாயிற்று.

எண்பதுகளில் பாய்ஸ் பிரிகேடில் சேர்ந்தேன். 1883-இல் கிளாஸ்கோவில் வில்லியம் அலெக்சாண்டர் ஸ்மித் தொடங்கிய இயக்கம் அது. 1930-இல் ஜேம்ஸ் ஃபிரேசர் என்ற கட்டடக்கலைஞர் பிரின்செப் ஸ்திரீட் பிரெஸ்பிட்டேரியன் தேவாலயத்தில் அதைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தார். ரோவெல் ரோட்டிலிருந்த எங்கள் வீட்டிலிருந்து அந்தத் தேவாலயத்துக்கு நடந்தே போய்விடலாம். பேண்டில் சீனப் பையன்கள், மலாய்ப் பையன் ஒருவன், தேக்காவிலிருந்து நான். எல்லாருக்கும் ஒரே கட்டம்போட்ட கில்ட்.

பை கைக்கு வந்த நாளில் முதலில் மூக்கைத் தொட்டது அதன் வாசம்தான். தோல் காய்ந்து காற்றுக் கசியாமலிருக்க உள்ளே ஊற்றும் பசை, கருமரம், மெழுகு தடவிய நூல், எல்லாம் கலந்த வாசம். இடது தோளில் மூன்று டிரோன் குழல்கள் சாய்ந்திருக்கும். நீளமானது மந்தரம், மற்ற இரண்டும் அதற்கு ஒரு ஸ்தாயி மேலே. ஊதி, பையை ஒரு தட்டுத் தட்டினால் மூன்றும் ஒன்றாக எழும்பும். அப்புறம் முழங்கை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் ஐந்து நிமிடம் நின்றால் குழலின் சுருதி ஏறிவிடும், குளிர்சாதன அறைக்குள் போனால் இறங்கிவிடும். எந்த இடத்தில் வாசிக்கிறோமோ அந்த இடத்திலேயே சுருதி சேர்க்க வேண்டும் என்பார் எங்கள் சார். 1942 ஜனவரி 31-ஆம் தேதி காலையில், மலாயாவிலிருந்து பின்வாங்கிய கடைசிப் படையை ஆர்கைல் படைப்பிரிவின் இரண்டு பைப்பர்கள் காஸ்வே பாலத்தில் ஊதிச் சிங்கப்பூருக்கு அழைத்து வந்த கதையையும் அவர்தான் சொன்னார். அவர்கள் கடந்த பின்னர் பாலத்தை வெடிவைத்துப் பிளந்தார்கள். அந்த ஈரக்காற்றில் அவர்களுடைய சீவாளி என்ன பாடு பட்டிருக்கும் என்றுதான் எனக்கு யோசனை போகும்.

பைப்பின் ஓசையை நிறுத்த முடியாது. கூட்டவோ குறைக்கவோ முடியாது. நாயனக்காரரின் சீவாளி அவர் உதட்டில் இருக்கிறது. நாக்கால் ஸ்வரங்களைப் பிரிப்பார். பைப்பரின் சீவாளியோ மரத்துக்குள் மறைந்திருக்கிறது. ஒரே ஸ்வரத்தை இரண்டு முறை வாசிக்க, நடுவே விரலால் இன்னொரு ஸ்வரத்தைச் சுண்டிவிட வேண்டும். மற்றவர்கள் இதற்குத் திணறினார்கள். எனக்கு அது விசித்திரமாகவே படவில்லை. காரணம் ஒத்து மாமா.

அப்பாவின் ஊர்க்காரர். சிராங்கூன் சாலைக் கோயில் ஒன்றில் மேளக்குழுவோடு வந்து ஒத்து ஊதினார். பிள்ளைகள் தவிலை வேடிக்கை பார்ப்போம், பெரியவர்கள் நாயனத்துக்குத் தலையாட்டுவார்கள். ஒரே ஸ்வரத்தை, கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சை இழுத்து, அறுபடாமல் பிடித்துக்கொண்டிருந்தவரை யாரும் பார்க்கவில்லை. மின்சாரச் சுருதிப்பெட்டி வரத்தொடங்கிய காலம் வேறு. 1973 முதல் தைப்பூச ஊர்வலப் பாதையில் வாத்தியங்களுக்கு அனுமதியில்லை. நேரடி இசை சில இடங்களிலாவது திரும்பியது 2016-இல்தான். ஆகவே என் வயதுப் பிள்ளைகளுக்கு நாயனம் கோயிலுக்குள் கேட்பது. தெருவில் நடந்துகொண்டே ஊதும் சங்கீதத்தை நான் அறிந்தது பைப்பில்தான். அந்த இழப்பு எவ்வளவு பெரியதென்று நாற்பது வயதுக்குப் பிறகே உறைத்தது.

அடுக்குமாடி வீட்டில் பைப் ஊத முடியாது. ஃபேரர் பார்க் திடலில் சாயங்காலம் நின்று ஊதுவேன். ஒருநாள் மாமா வந்து கேட்டார். முழுதாகக் கேட்டுவிட்டு, "தம்பி, இது ஹரிகாம்போதிடா" என்றார். உண்மைதான், அந்த ஏழு ஸ்வரமும் கிட்டத்தட்ட அப்படியே. பிறகு, "பாட்டை விடு. ஒத்தை மட்டும் கேட்கணும்" என்றார். வாசிக்கும் குழலைக் கழற்றி அந்தத் துளையை அடைத்தேன். டிரோன்கள் மட்டும் நின்றன. கண்ணை மூடி முனகிப் பார்த்தவர், "ஆறரைக் கட்டை. கொஞ்சம் கூடுதல்" என்றார்.

மறுவாரம் நாயனக்காரரையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவர் நாயனத்தின் சுருதி இரண்டரைக் கட்டை. டிரோன்களை இழுத்து நீட்டி, இம்மி இம்மியாகச் சுருதியை இறக்கச் சொன்னார் மாமா. என் ஷட்ஜம் அவர்களுக்குப் பஞ்சமமாக வந்து உட்கார்ந்தது. நாயனக்காரர் காம்போதியைத் தொட்டார். பந்து விளையாடிய பையன்கள் ஓடி வந்தார்கள். என் கை கடுத்தது, விடவில்லை.

முடிந்ததும் மாமா கையை நீட்டினார். பையை இடுக்கி, ஊதி, ஒரு தட்டு. முதல் முயற்சியிலேயே மூன்று குழலும் பிசிறில்லாமல் பிடித்தன. அந்த மூச்சு அப்படிப்பட்டது. பிறகு வாயை எடுத்துவிட்டுப் பையை அழுத்தினார். ஒத்து நிற்கவில்லை. வாழ்நாளெல்லாம் ஒத்து ஒலிக்கையில் பேச வாய்க்காதவர் எங்கள் பக்கம் திரும்பி, "அண்ணே, பாருங்க! நான் பேசுறேன், அதுவும் பேசுது! இன்னொரு தடவை எடுங்க காம்போதியை!" என்றார்.