கருந்தலை விருந்தாளி

எங்கள் சங்கரன்கோவில் பக்கம் மீன்கொத்தியைத் தேடிப் போக வேண்டியதில்லை. குளத்தங்கரைக் கருவேல மரத்திலோ மின்கம்பியிலோ அதுவே வந்து உட்கார்ந்திருக்கும். காப்பிக்கொட்டை நிறத் தலை, வெள்ளை மார்பு, பளீரென்ற நீல முதுகு. குளம் வற்றினால் வெட்டுக்கிளி, ஓணான் என்று கிடைத்ததைத் தின்று சமாளித்துவிடும். நம்மைப் போலத்தான்!

பொங்கல் விடுமுறையில் சிதம்பரம் போனோம். நடராஜரைத் தரிசித்துவிட்டு, மறுநாள் காலை பிச்சாவரத்தில் படகேறினோம். 1975-ல் வந்த 'இதயக்கனி' படத்தில் பார்த்த அதே சுரபுன்னைக் காடு. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, சுமார் 1,100 ஹெக்டேர். இருபுறமும் மரங்கள் வேர்களை ஊன்றி, உப்புத் தண்ணீரில் நிற்கின்றன.

"அம்மா, நம்ம ஊரு மீன்கொத்தி இங்கயும் வந்துட்டும்மா!" என்று கத்தினான் என் மகன்.

படகுக்காரர் துடுப்பை நிறுத்தினார். "சத்தம் போடாம நல்லாப் பாரு தம்பி. இது வேற."

ஆமாம், வேறுதான். மைக்கூட்டில் முக்கியது போல் கறுத்த தலை. கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டை. ஊதா கலந்த நீல முதுகு, வெளிர் ஆரஞ்சு வயிறு, பவழ அலகு. சட்டென்று சேற்றில் பாய்ந்து ஒரு நண்டோடு திரும்பியது. பறக்கும்போது இறக்கையில் வெள்ளைத் திட்டு மின்னியது.

இதுதான் கருந்தலை மீன்கொத்தி. சீனா, கொரியாவில்கூடக் கூடு வைக்கும் இனம். நம் கடலோரத்தில் பனிக்காலத்தில்தான் அதிகம் தென்படுகிறது. நம் ஊர்ப் பறவை போல் எங்கும் பிழைத்துக்கொள்ளாது. கழிமுகம், அலையாத்திக் காடு, நண்டு ஊரும் சேறு, இவைதான் அதற்குப் பெரும்பாலும் வீடும் அடுப்படியும். அந்த வீடு சுருங்கி வருவதால், உலக அளவில் அழியும் ஆபத்துள்ள பறவைகளின் பட்டியலில் இன்று இதுவும் இருக்கிறது.

2004 சுனாமியில் தங்களுக்குப் பின்னால் இருந்த கிராமங்களுக்கு அரணாக நின்றவையும் இதே மரங்கள்தாம். பறவைக்கு வீடு; மனிதருக்கு மதில்.

நீங்களும் குழந்தைகளோடு போய் வாருங்கள். வெயில் ஏறுமுன் போவது நல்லது. தொப்பியும் குடிதண்ணீரும் மறக்க வேண்டாம். தின்பண்டத்தை டப்பாவில் எடுத்துப் போங்கள்.

திரும்பும்போது என் மகன் பிஸ்கட் காகிதத்தைத் தண்ணீரில் போடக் கை நீட்டினான். பிறகு என்ன நினைத்தானோ, மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.

"நண்டு இதைத் தின்னா, அந்தக் குருவி என்னத்தைம்மா திங்கும்?"

படகுச் செலவு அந்த ஒரு கேள்வியிலேயே திரும்பிவிட்டது.