நயாகராவில் அறை எடுக்கும்போது

கோடை வந்தால் நோத்ர-டாம்-த-கிரேஸில் வாழும் எங்கள் குடும்பங்களிடையே நயாகராப் பேச்சு எழுந்துவிடும். ஊரிலிருந்து உறவினர் வந்தாலும், ரொறொன்ரோவில் ஒரு கலியாணம் என்றாலும், அப்படியே நீர்வீழ்ச்சியையும் பார்த்து வரலாம் என்று புறப்படுகிறோம். ரொறொன்ரோ வரை ஏறக்குறைய 540 கிலோமீற்றர். அதற்கப்பால் இன்னும் 130. பிள்ளைகளுடன் ஒரே நாளில் போய்த் திரும்ப முடியாது. ஓரிரவாவது தங்க வேண்டும். விலை விசாரிக்கும்போது கசினோ ஹொட்டேல்களின் பெயரும் வந்து சேருகிறது.

எங்கள் நகரத்துக் கசினோ வேறு மாதிரி. 1967ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காக நோத்ர-டாம் தீவில் எழுப்பிய பிரெஞ்சு மண்டபத்தில் 1993 ஒக்ரோபரில் அதைத் திறந்தார்கள். வில்லா-மரியாவில் மெற்றோ ஏறி, பெரி-யூகாமில் மாறி, ஜோன்-ட்ராப்போவில் இறங்கினால் 777 பஸ் அங்கே போகிறது. ஆனால் தங்க அறை இல்லை. போனவர் வீடு திரும்பியே ஆகவேண்டும். நயாகராவில் 2004இல் திறந்த ஃபோல்ஸ்வியூ கசினோவிலோ ஒரே வளாகத்தில் சூதாட்டமும் உண்டு, படுக்கையும் உண்டு.

இப்படியான ஹொட்டேல்களில் சில நாட்களில் அறை மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. அறையில் விட்டதைக் கீழே சூதாட்ட மேசையில் எடுத்துவிடலாம் என்பதே அவர்கள் கணக்கு. இருபது டொலர் மிச்சம் பிடித்துக்கொண்டு, சீட்டெடுத்த காசை அங்கே விட்டுவிட்டு வந்தவர்கள் எங்களுக்குள்ளும் உண்டு. ஊரில் ஒரு குடும்பம் எதிர்பார்த்திருந்த காசு அது. மனம் இழுக்கும் என்று தெரிந்தவர்கள் சூதாட்டம் இல்லாத சாதாரண விடுதியில் அறை எடுப்பதே நல்லது. தம்மை உள்ளே விடவேண்டாம் என்று ஒருவர் தாமாகவே எழுதிக் கொடுக்கும் வசதி கியூபெக்கிலும் ஒன்ராறியோவிலும் இருக்கிறது. அப்படிச் செய்வதில் வெட்கம் இல்லை.

கசினோ ஹொட்டேலையே எடுப்பதானால் முதலில் கேட்க வேண்டியது, அறைக்குப் போகும் லிப்ற் எங்கே இருக்கிறது என்பது. ஒன்ராறியோவில் 19 வயதுக்குக் குறைந்தவர்கள் சூதாட்டக் கூடத்துக்குள் கால் வைக்கக் கூடாது. கியூபெக்கில் அது 18. எனவே பிள்ளைகளுடன் கூடத்தைத் தொடாமல் அறைக்குப் போக வழி உண்டா என்று கேளுங்கள். எத்தனை பேர் தங்குகிறீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அடுத்தது கணக்கு. சொல்லும் விலைக்கு மேல் 13 வீத வரி, நகரசபையின் தங்குமிட வரி, வாகனத் தரிப்புக் காசு ஆகியவை சேரும். சுற்றுலா வளர்ச்சிக் கட்டணம் என்று இன்னொன்றும் சில இடங்களில் உண்டு. முழுத் தொகையையும் முன்னரே கேட்டு எழுதி வையுங்கள். உள்ளே போகும்போது அட்டையில் ஒரு தொகையை மறித்து வைப்பார்கள். வங்கி அட்டை கொடுத்தால் உங்கள் கைக்காசு சில நாட்களுக்கு முடங்கிவிடும். யூலை இறுதியில் கியூபெக் கட்டடத் தொழிலாளருக்கு இரு கிழமை விடுமுறை. அப்போது எங்கும் கூட்டம்தான்.

லாஸ் வேகஸில் 1993இல் திறந்த லக்ஸர் ஹொட்டேல் எகிப்தியப் பிரமிட் வடிவம் கொண்டது. அங்கே போகிறவர்கள் பிரமிட்டுக்குள் சரிந்த யன்னல் அறையா, பக்கத்துக் கோபுரத்தில் நேரான அறையா என்று தெரிய வேண்டும். நயாகராவில் கேள்வி, நீர்வீழ்ச்சி தெரியும் அறையா, நகரப்பக்க அறையா என்பது. முன்னதற்கு விலை கூட. எந்த வீழ்ச்சி தெரியும், முழுதாகத் தெரியுமா என்று கேட்காமல் கொடுக்க வேண்டாம். கனடா, அமெரிக்கா இரண்டும் 1950இல் செய்த ஒப்பந்தப்படி, கோடைப் பகலில் செக்கனுக்கு 1 இலட்சம் கன அடி நீராவது விழவேண்டும். இரவிலும் குளிர்காலத்திலும் அதில் பாதி போதும். மிச்ச நீர் மின்சாரம் எடுக்கத் திருப்பப்படுகிறது. கோடையில் இரவு 10 மணிக்குப் பிறகு யன்னலில் தெரிவது குறைந்த நீர். பகலிலோ கம்பித் தடுப்பருகே நின்று, சாரல் முகத்தில் அடிக்க, ஒரு சதமும் கொடாமல் பார்க்கலாம். எனவே நாங்கள் நகரப்பக்க அறையே எடுக்கிறோம்.

இன்னுமொன்று. அங்குள்ள ரெயின்போ பாலம் அமெரிக்காவுக்குப் போவது. அகதி வழக்கு முடியாதவர்களும் அமெரிக்க விசா இல்லாதவர்களும் அந்தப் பாதையில் வாகனத்தைத் திருப்பிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கனடாவின் அகதிப் பயணப் பத்திரம் வைத்திருப்பவர்களுக்கும் விசா தேவை. பலகையை வாசித்துச் சொல்ல, விழித்திருக்கும் ஒருவரை முன்னாசனத்தில் இருத்துங்கள்.

சோறும் கறியும் கட்டிக்கொண்டு போய், பூங்காவில் இருந்து சாப்பிட்டு, பிள்ளைகளுக்கு அந்தப் பெருநீரைக் காட்டிவிட்டு, கொண்டுபோன காசில் கொஞ்சத்தையாவது மீதமாகக் கொண்டு வாருங்கள்.