நட்பு இருக்கு... ஹாக்கி எங்கே பாஸ்?

மதுரைப் பக்கம் ஜல்லிக்கட்டுன்னா, எங்க கரிசல் காட்டுல ஹாக்கி. ஆமாங்க, ஹாக்கிதான்! தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பேர்போன கோவில்பட்டியில, ஹாக்கி மட்டையை முதுகுல மாட்டிக்கிட்டு சைக்கிள் மிதிக்கிற பசங்களை நீங்க சாதாரணமா பார்க்கலாம். செயற்கைப் புல்தரை மைதானமே இருக்கு. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டின்னா ஊரே திரளும்.

அந்தப் பக்கத்து குளத்தூர்க்காரனான எனக்கு, தமிழ்ல ஒரு ஹாக்கி படம்னா எப்படி இருக்கும் சொல்லுங்க! ஹிப்ஹாப் தமிழா ஆதி நடிச்சு, பார்த்திபன் தேசிங்கு இயக்கத்துல 2019 ஏப்ரல்ல வந்த ‘நட்பே துணை’யைத்தான் சொல்றேன். போன செமஸ்டர் லீவுக்கு முன்னாடி ஹாஸ்டல்ல ஒரு லேப்டாப், எட்டுத் தலை, ரெண்டு பாக்கெட் காராச்சேவுன்னு உட்கார்ந்தோம்.

சும்மா சொல்லக் கூடாது, சிரிப்பு இருக்கு. காரைக்கால் கடற்கரை இருக்கு. மைதானத்தைக் கம்பெனிக்குத் தூக்கிக் கொடுக்கப் பார்க்கிற அரசியல்வாதியா கரு.பழனியப்பன் கலக்கியிருக்கார். இல்லாதது ஒண்ணே ஒண்ணுதான்... ஹாக்கி! பாட்டு, காதல், பிரான்ஸ் கனவு, நண்பர்கள் கலாட்டான்னு பாதிப் படம் ஓடிருது. அப்புறம்தான் ஹீரோ ஏற்கெனவே பெரிய பிளேயர்னு சொல்றாங்க. உடனே மட்டையைத் தூக்குறார். உடனே கோல்!

எங்க கூட்டத்துல ஒருத்தன் பிளஸ் டூ வரைக்கும் ஸ்கூல் டீம்ல ஃபுல்பேக் ஆடினவன். படம் முடிஞ்சதும் அவன் கேட்டது ஒரே கேள்வி: “ஏலே, இவங்க எப்பலே பிராக்டிஸ் பண்ணாங்க?” யாருகிட்டயும் பதில் இல்லை.

பெனால்டி கார்னரை மட்டும் எடுத்துக்கோங்க. கோல் லைன்ல இருந்து ஒருத்தன் பந்தைத் தள்ளுவான். அது ‘டி’ வட்டத்தைத் தாண்டி வெளியே போய்த் திரும்பி உள்ளே வந்த பிறகுதான் கோலுக்கு அடிக்கணும். முதல் அடி ஹிட்டா இருந்தா, பந்து 18 அங்குலத்துக்கு மேல போய் கோலுக்குள்ள விழுந்தாலும் கோல் கிடையாது. டிராக் ஃபிளிக்குக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. தடுக்க கோல்கீப்பரோட சேர்த்து மொத்தமே அஞ்சு பேர். அதுல ஒருத்தன் முகக்கவசத்தை மாட்டிக்கிட்டு, பாயப்போற பந்துக்கு நேரா ஓடணும். என் நண்பன் செஞ்ச வேலை அதுதான். முழங்கால்ல இன்னும் தழும்பு இருக்கு. அந்த நாலைஞ்சு நொடிக்குள்ள ஒரு படத்துக்கான பயமும் காமெடியும் நட்பும் கிடக்கே! ‘நட்பே துணை’ன்னு பேரு வெச்சவங்க அதை விடலாமா?

2007-ல வந்த ‘சக் தே இந்தியா’வுல பொண்ணுங்க சண்டை போடுவாங்க, தோப்பாங்க, மூச்சு வாங்குவாங்க. அப்புறம் ஜெயிக்கும்போது நமக்கே ஜெயிச்ச மாதிரி இருக்கும். இங்கே அந்த வியர்வையைக் காட்டாமலே நம்மளைக் கைதட்டச் சொல்றாங்க.

இதுக்குப் போய் ஏன் இவ்வளவு டென்ஷன்னு கேட்பீங்க. எங்க பக்கம் வானம் பார்த்த பூமி. மழை தப்புனா விவசாயம் காலி. அங்கே ஹாக்கி மட்டைங்கிறது வேலைக்குப் போடுற அப்ளிகேஷன் மாதிரி. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ரயில்வேயோ போலீஸோ கிடைச்சா, ஒரு குடும்பமே நிமிரும். என் நண்பன் வீட்டுலயும் அந்தக் கணக்குதான் இருந்துச்சு. முழங்கால் கைவிட்டதும் இன்ஜினீயரிங்குக்கு வந்துட்டான். அவன் படம் பார்க்க உட்கார்ந்தது பொழுதுபோக்க இல்லை, தன் ஆட்டத்தைத் திரையில பார்க்க.

நிஜத்துல கதைக்குப் பஞ்சமே இல்லை. கோவில்பட்டி மாரீஸ்வரனும், அரியலூர்ல இருந்து வந்து கோவில்பட்டி விடுதியில பயிற்சி எடுத்த கார்த்தியும் 2022-ல ஜகார்த்தா ஆசியக் கோப்பையில இந்தியாவுக்கு ஆடினாங்க. வெண்கலமும் வந்துச்சு. அடுத்த வருஷம் சென்னையில ஆசிய சாம்பியன்ஸ் டிராஃபி அரையிறுதியில ஜப்பானை 5-0ன்னு சாய்ச்சப்ப, அஞ்சாவது கோல் கார்த்தியோடது!

அதனால மக்களே, ‘நட்பே துணை’யை ஒரு தடவை சிரிச்சுட்டுப் பார்த்துக்கோங்க. ஹாக்கி பார்க்கணும்னா ஒரு நாள் விடிகாலையில கோவில்பட்டி மைதானத்துக்கு வாங்க. அடுத்த ஸ்போர்ட்ஸ் படத்துக்குக் கதை தேடுற டைரக்டர் யாராச்சும் இதைப் படிச்சா, உங்களுக்கும் அதேதான் சார். பஸ் ஸ்டாண்டுல யாரைக் கேட்டாலும் வழி சொல்லுவாங்க. எங்க ஃபுல்பேக் கூடவே வந்து பெனால்டி கார்னரைச் சொல்லிக் கொடுக்க ரெடி!