கடைமடை

கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்பவர்களுக்கு நீரோட்டத்தைப் பற்றி எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மேற்குக் கடலை நோக்கிச் சென்றுகொண்டிருந்த பெரியாற்று நீரை அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய பெரும்பணி 1895-ஆம் ஆண்டு நிறைவேறியது. லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் நிலம் இருபோகம் காண்பது அந்த நீரால்தான். அணையில் போதிய இருப்புள்ள ஆண்டுகளில் ஜூன் மாதத் தொடக்கத்தில் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பார்கள். ஆனால் தலைமதகில் வெள்ளம் புரள்கிறது என்பது ஒரு செய்தி. கடைமடை நனைந்தது என்பது வேறொரு செய்தி. இரண்டுக்கும் இடையே எத்தனையோ வளைவுகள், அடைப்புகள், உடைப்புகள் உண்டு. எங்கள் உழவர்கள் பரம்பரை பரம்பரையாக அறிந்திருக்கும் இவ்வுண்மை ஒரு டிராக்டர் என்ஜினுக்குள்ளும் அப்படியே உறைந்திருப்பதை என் தம்பியின் வண்டி எனக்குக் காட்டியது.

தம்பியின் குடும்பத்துக்கு அந்த டிராக்டர்தான் நிலம். சொந்த வயல் சிறிது; அயலார் வயல்களை உழுது பெறும் கூலியிலேயே அடுப்பு எரிகிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள். மூன்று சிலிண்டர் கொண்ட அந்தப் பழைய டீசல் என்ஜின் புகை கக்கி வலுவிழந்தபோது, மனைவியின் நகைகளை அடகு வைத்து முழு என்ஜின் வேலை பார்த்தான். சிலிண்டர்களுக்குப் புதிய லைனர், புதிய பிஸ்டன்கள், லேத்தில் சாணை பிடித்த கிராங்க், அதற்கேற்ற புதிய பேரிங்குகள் என எதிலும் குறை வைக்கவில்லை. வண்டி வீடு வந்த அதே வாரம் வாய்க்காலில் தண்ணீரும் வந்தது. நாற்றங்கால்கள் தயாராகிக்கொண்டிருந்தன. உழவுக்குச் சொல்லி வைத்தவர்கள் வாசலில் நின்றார்கள்.

இரண்டாம் நாள் உழவிலேயே என்ஜினின் மேற்பகுதியிலிருந்து ‘டக் டக்’ என்றொரு வறண்ட ஓசை எழுந்தது. ஆயில் அழுத்தம் காட்டும் கருவியைப் பார்த்தால் முள் நல்ல இடத்திலேயே நின்றது. வேலை பார்த்த பட்டறையில் கேட்டபோது, புது வேலை அப்படித்தான் இருக்கும், ஓட ஓடச் சரியாகிவிடும் என்றார்கள். பருவம் தவறினால் கூலி இல்லை. கூலி இல்லையேல் நகை மீளாது. ஓட்டிக்கொண்டே இருக்க ஆயிரம் காரணங்கள் இருந்தன. நிறுத்துவதற்கு இருந்தது அந்த ஓசை ஒன்றே. தம்பி வண்டியை வரப்போரம் நிறுத்தினான். அவனைக் குறித்து நான் இன்றும் பெருமைப்படுவது அந்த ஒரு செயலுக்காகத்தான்.

என்ஜினுக்குள் எண்ணெய் என்ன வேலை செய்கிறது என்பதை இங்கே சற்றுச் சொல்ல வேண்டும். அடியிலுள்ள சம்ப் என்னும் தொட்டியிலிருந்து, சல்லடை வழியாக, ஆயில் பம்ப் எண்ணெயை உறிஞ்சுகிறது. பில்டரில் வடிந்த எண்ணெய் பிளாக்கின் நீளவாக்கில் ஓடும் பெரிய துளையை அடைகிறது. அதுவே தலைவாய்க்கால். அங்கிருந்து கிளை பிரிந்து கிராங்கின் பேரிங்குகளுக்கும், கேம் ஷாப்டுக்கும், இறுதியில் ஒரு குறுகிய துளை வழியாக மேலேறி வால்வுகளை இயக்கும் ராக்கர்களுக்கும் போய்ச் சேர்கிறது. ராக்கர்தான் கடைமடை.

இந்த எண்ணெய் வெறும் வழுவழுப்புக்காக ஓடவில்லை. பாரத்தையே அது சுமக்கிறது. 1883-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பீச்சம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுகளின் பேரிங்குகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். எண்ணெய் ஊற்றுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் துளையிட்டார். அச்சு சுழன்றபோது எண்ணெய் உள்ளே இறங்காமல் துளை வழியே மேலே பொங்கியது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரமுளை அடித்தார், அதுவும் மெல்ல வெளியேறியது. அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோது சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டுக்கு மேல் காட்டியது. சுழலும் அச்சு தானே எண்ணெயை ஆப்புபோல் இழுத்துத் தனக்கும் பேரிங்குக்கும் நடுவே செலுத்தி, அந்த மெல்லிய படலத்தின்மீது மிதக்கிறது என்பது அப்போது வெளிப்பட்டது. 1886-இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் தந்தார். தலைமுடியின் கனத்தைவிட மெல்லிய படலம். அது அறுந்தால் உலோகம் உலோகத்தைத் தின்னத் தொடங்கிவிடும்.

பக்கத்து ஊரிலிருந்து ஒரு மூத்த மெக்கானிக்கை அழைத்து வந்தோம். அவர் எதையும் உடனே கழற்றவில்லை. முதலில் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார், விரலில் தேய்த்தார், முகர்ந்தார். டீசல் கசிந்து எண்ணெய் நீர்த்துப்போயிருந்தால் அளவு கூடி மணமும் மாறியிருக்கும். அப்படி இல்லை. அடுத்து, வண்டியிலிருந்த கருவியை நம்பாமல் தம் சொந்த அழுத்தமானியைப் பொருத்தினார். சூடேறிய என்ஜின் வேகமாக ஓடும்போது இத்தகைய வண்டிகளில் சதுர அங்குலத்துக்கு 30 முதல் 60 பவுண்டு வரை இருப்பது இயல்பு, அது இருந்தது. ஆகவே அடைபட்ட சல்லடை, காற்று இழுக்கும் உறிஞ்சு குழாய், தேய்ந்த பம்ப், தூசியால் திறந்தபடி நின்றுவிட்ட ரிலீப் வால்வு, இடைவெளி மிகுந்த பேரிங் என்று அழுத்தத்தைக் குறைக்கும் காரணங்கள் அனைத்தையும் ஒரே சோதனையில் ஒதுக்கி வைத்தார்.

பிறகு நீண்ட திருப்புளி ஒன்றின் நுனியை என்ஜின்மீது ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். கீழே அமைதி, மேலே ஓசை. மேல்மூடியைக் கழற்றி மெதுவான ஓட்டத்தில் ஓடவிட்டார். சிறிது நேரத்துக்குள் ராக்கர்களில் எண்ணெய் கசிந்து வழிய வேண்டும். ஒரு துளிகூட வரவில்லை. உடனே என்ஜினை நிறுத்திவிட்டு அவர் சொன்னார்: “தம்பி, இந்த முள்ளு மதகைத்தான் பாத்துக்கிட்டு இருக்கு. கடைமடைக்குத் தண்ணி போச்சான்னு அதுக்குத் தெரியாது.”

அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு. வாய்க்காலில் ஒரு கிளை அடைபட்டால் மதகில் நீர்மட்டம் குறையாது. சற்று உயரவும் கூடும். கருவியின் முள் நிமிர்ந்து நின்றதற்கும் ராக்கர்கள் வறண்டதற்கும் முரண்பாடே இல்லை.

ராக்கர் ஷாப்டைக் கழற்றி, எண்ணெய் ஏறும் துளையில் மெல்லிய கம்பியை விட்டார். சிலிண்டர் ஹெட்டும் பிளாக்கும் சேரும் ஆழத்தில் கம்பி நின்றது. ஹெட்டைத் தூக்கியபோது காரணம் கண்முன் கிடந்தது. கேஸ்கட்டின்மேல் தாராளமாகப் பூசப்பட்ட பசை, போல்ட்டுகளை இறுக்கியபோது பிதுங்கி, அந்தச் சிறு துளைக்குள் கெட்டியாகி அடைத்துக்கொண்டிருந்தது. கசியக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் யாரோ கூடுதலாகப் பூசிய பசை அது. துளையைச் சுத்தம் செய்து, காற்றடித்து, தேய்ந்துபோன ராக்கர் ஷாப்டையும் புஷ்களையும் மாற்றி, புதிய கேஸ்கட் போட்டு முடிக்க நான்கு நாட்கள் ஆயின.

முடித்தபின்னும் அவர் உடனே கிளப்பவில்லை. டீசலை அடைத்துவிட்டு, ராக்கர்மீது கையால் எண்ணெய் ஊற்றி, ஸ்டார்ட்டரால் விட்டுவிட்டுச் சுழற்றினார். பிரித்துச் சேர்த்த பம்ப் வறண்டிருந்தால் உறிஞ்சாது. அதற்கும் முதலில் கொஞ்சம் ஊட்ட வேண்டும் என்று விளக்கினார். தாமே வெறுமையாக இருப்பவரிடம் வழங்கவில்லையே என்று கோபிப்பதில் பயனில்லை என்பது என் மனத்தில் ஓடியது. பின்னர் என்ஜின் ஓடத் தொடங்கியதும் ராக்கர்களின் ஓரத்தில் பொன்னிறமாக ஒரு கசிவு தோன்றி, சொட்டி, வழிந்தது. தம்பியின் மனைவி அடுக்களையிலிருந்து வந்து அதை எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனாள்.

அந்த நான்கு நாட்களில் சில வயல்களின் உழவு வேறு வண்டிகளுக்குப் போய்விட்டது. நகைகளை மீட்க அடுத்த போகம் வரை காத்திருக்க நேர்ந்தது. ஆயினும் என்ஜின் பிழைத்தது.

நம் இல்லங்களிலும் நிறுவனங்களிலும் சங்கங்களிலும் முள் நிமிர்ந்து நிற்கும் கருவிகளுக்குக் குறைவில்லை. வரவு செலவு சரியாக இருக்கும், அறிக்கை அழகாக இருக்கும், தலைவாய்க்கால் நிரம்பியிருக்கும். எங்கோ ஒரு மூலையில் மட்டும் வறண்ட ஓசை கேட்கும். ஓட ஓடச் சரியாகிவிடும் என்று சொல்ல நமக்கு எப்போதும் ஒரு பருவமும் ஓர் அவசரமும் கிடைத்துவிடுகின்றன. எங்கள் பக்கத்து நீர்பாய்ச்சிகள் மதகைத் திறந்ததோடு வீடு திரும்புவதில்லை. மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வரப்போடு நடந்து, கடைசி வயலின் மண் நனைந்து கறுத்திருக்கிறதா என்று காலால் மிதித்துப் பார்த்த பிறகே உறங்கப் போகிறார்கள்.