பத்தரை மணிக்குத் திறக்கும் டப்பா

சென்ற நவம்பரில் ஒரு திங்கட்கிழமை, இரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளின் சாப்பாட்டு டப்பா கொடுத்தனுப்பியபடியே திரும்பி வந்தது. உள்ளே நான்கு இட்லிகள். அவள் எதை மறுத்தாலும் இட்லியை மறுத்ததில்லை. கீரை, கத்தரி, அவரை எல்லாம் தோற்ற வீட்டில் எஞ்சியிருந்த கடைசி அரண் அது. காரணம் கேட்டேன்.

"அதுக்குள்ள ஏதோ ஒளிச்சு வச்சிருக்கீங்கப்பா. அது பொய் இட்லி."

அவள் சொன்னது உண்மைதான். மாவில் சுரைக்காயை அரைத்துக் கலந்திருந்தேன். அதற்கு முன் பருப்பில் பூசணி, சப்பாத்தி மாவில் துருவிய காலிஃபிளவர். காய்கறி உண்ணாத குழந்தைக்கு மறைத்துக் கொடுங்கள் என்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை. மூன்று வாரம் அது பலித்தது. மசியாமல் விட்டுப்போன ஒரு நார் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

அதன் பிறகு அவள் வெறும் இட்லியையும் நம்பவில்லை. தட்டில் வைத்ததும் பிட்டு, விளக்கொளியில் திருப்பிப் பார்த்து, முகர்ந்து, பாதியோடு நிறுத்திவிடுவாள். குழந்தை சரியாக உண்பதில்லை என்று பள்ளி நாட்குறிப்பில் ஆசிரியரின் ஒரு வரியும் வந்தது. என் ஆய்வுக்காக நான் நேர்கண்ட ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் பெற்றிருக்கிறேன். வீட்டில் இருந்த ஒரே ஒருத்தியிடம் அந்த மரியாதையைக் காட்டத் தோன்றவில்லை.

வழக்கம்போல் நூலகத்துக்கு ஓடினேன். (மனைவி சிரித்தாள். அவள் ஏழு மணிக்கே அலுவலகத்துக்குக் கிளம்புவதால் டப்பா என் பொறுப்பு.) லீன் பர்ச்சும் டயேன் மார்லினும் 1982இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதுக் குழந்தைகள் ஒரு புதிய உணவை எத்தனை முறை சுவைத்தார்களோ அந்த அளவுக்கு அதன்மீது அவர்களுக்கு விருப்பம் கூடியது. வெறுமனே பார்ப்பது போதாது, வாயில் பட வேண்டும் என்று பர்ச்சின் பிந்தைய ஆய்வு காட்டியது. அதைப் படித்தபோதுதான் என் தந்திரத்தின் அபத்தம் உறைத்தது. என் மகள் இருபது முறை சுரைக்காய் உண்டிருக்கலாம். ஒருமுறைகூட அவளுக்குச் சுரைக்காய் அறிமுகமாகவில்லை. சத்து உள்ளே போயிருக்கும், பழக்கம் உண்டாகியிருக்காது.

இன்னொன்று கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவரின் ஆய்வு. 1928இல் அதன் முதல் முடிவுகள் வெளிவந்தன. பால்குடி மறந்த குழந்தைகளின் முன் பல உணவுகளைத் தனித்தனிக் கிண்ணங்களில் வைத்து, எதை வேண்டுமானாலும் எடுக்கவிட்டார். குழந்தை கைநீட்டினால் மட்டுமே செவிலியர் ஊட்ட வேண்டும். தூண்டக் கூடாது, கருத்தும் சொல்லக் கூடாது. குழந்தைகள் நன்றாகவே வளர்ந்தனர். சூட்சுமம் உணவுப் பட்டியலில் இருந்தது என்று 1939இல் அவரே எழுதினார். அதில் சர்க்கரை இல்லை, பதப்படுத்திய உணவு எதுவும் இல்லை. பட்டியல் பெரியவருடையது, தேர்வு குழந்தையுடையது.

ஆனால் நான் செய்தவற்றில் மிகப் பயன்பட்டதற்கு நூலகம் தேவைப்படவில்லை. ஒருநாள் அவளுக்குக் கட்டிய அதே உணவை, அதே மாதிரி டப்பாவில், எனக்கும் கட்டிக்கொண்டேன். பள்ளி வண்டி ஏழு பத்துக்கு வரும். ஆறு ஐம்பதுக்கு மூடிய டப்பாவை அவளுடைய இடைவேளை நேரமான பத்தரைக்கு நூலகப் படிக்கட்டில் அமர்ந்து திறந்தேன். சப்பாத்தியும் பீன்ஸ் பொரியலும். காலையில் பச்சையாக இருந்த பீன்ஸ் சாம்பல் கலந்த பாசிநிறமாகியிருந்தது. சூட்டோடு மூடியதால் மூடியின் அடியில் நீர் கோத்து, சொட்டி, சப்பாத்தியின் ஓரத்தைக் கூழாக்கியிருந்தது. பாதியிலேயே மூடிவிட்டேன். மறுநாள் முட்டைக்கோஸ். அது திறக்கும்போதே தன் வருகையை அறிவித்தது. பக்கத்துப் படியில் இருந்த மாணவர் தள்ளி அமர்ந்தார்.

அன்று மாலை மகளிடம் கேட்டேன். "ஆமாம்ப்பா, நான் திறந்தா பக்கத்துல இருக்கிறவ மூக்கைப் பொத்திக்கிறா" என்றாள், மிகச் சாதாரணமாக. ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. "என்ன சாப்பிட்டே, எவ்வளவு மிச்சம்" என்பதைத் தவிர அந்த டப்பாவைப் பற்றி நான் அவளிடம் எதுவும் கேட்டதே இல்லை. அடுப்பருகே நின்று ருசி பார்த்துவிட்டு, பத்தரை மணி வகுப்பறையைப் பற்றி முடிவுகட்டியிருக்கிறேன். களத்துக்குப் போகாமல் கள ஆய்வு எழுதுகிறவர்களை எத்தனை கருத்தரங்குகளில் குறை சொல்லியிருப்பேன்!

மாற்றங்கள் சிறியவை. எதையும் தட்டில் பரப்பி, மின்விசிறியின் கீழ் ஆறவிட்ட பிறகே மூடுகிறேன். முட்டைக்கோசும் காலிஃபிளவரும் இரவு உணவுக்கு மாறிவிட்டன. முள்ளங்கிப் பராத்தாவுக்குத் துருவலை உப்பிட்டுப் பிழிந்துவிடுகிறேன், அதுவும் அவள் கண்ணெதிரே. தில்லிக் குளிரில் நெய் உறைந்து நாக்கில் ஒட்டும் என்பதால் டிசம்பர், ஜனவரியில் டப்பா உணவுக்கு எண்ணெய்தான்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு அவளையும் அழைத்துச் செல்கிறேன். மூன்று காய்களை நான் காட்டுவேன், ஒன்றை அவள் எடுப்பாள். டிசம்பரில் இங்கே பச்சைப் பட்டாணி கூடை கூடையாக வந்து இறங்கும். பறித்த பட்டாணியின் இனிப்பு நேரம் ஆக ஆக மாவாக மாறிவிடும், அன்று வந்தது அன்றே தின்னத் தக்கது. கடைக்காரர் ஒரு நெற்றைப் பிளந்து அவளிடம் நீட்டினார். தின்றாள். வீட்டுக்கு வந்து உரிக்க உட்கார்ந்தவள், கால் கிலோவில் பாதியைப் பச்சையாகவே தின்று முடித்தாள். பிறகு இங்கே கிடைக்கும் அந்தச் சிவந்த காரட், வெள்ளரி. எல்லாம் வேகவைக்காதவை, கடித்தால் ஓசை எழுபவை. 'காய்கறி பிடிக்காத குழந்தை' என்று உறவினர் எல்லோரிடமும் நான் சொல்லித் திரிந்த வாக்கியம் தவறு. அவளுக்குப் பிடிக்காதது வெந்து வியர்த்த காய்கறி.

இட்லி திரும்பி வர பிப்ரவரி ஆயிற்று. அதுவும் மாவு கரைக்கும்போது அவள் நாற்காலி போட்டுப் பக்கத்தில் நின்றதால்.

இப்போது ஏப்ரல். பட்டாணி போய்விட்டது, சிவப்புக் காரட்டும் போய்விட்டது. சந்தையில் சுரைக்காய், பீர்க்கை, இங்கே டிண்டா என்று அழைக்கும் அந்த உருண்டைக் காய். எனக்கே பெரிய விருப்பம் இல்லாத பட்டியல். சென்ற ஞாயிறு அவள் டிண்டாவை எடுத்தாள், அதன் வடிவத்துக்காக என்று நினைக்கிறேன். வதக்கி, ஆறவைத்து, அவள் பார்க்க இரண்டே இரண்டு துண்டுகளை டப்பாவின் ஓர் அறையில் வைத்தேன். மாலையில் இரண்டும் திரும்பி வந்தன. ஒன்றில் சிறிய பல்தடம் இருந்தது.